விக்டோரியா காலத் துப்பறியும் தொடர்கள்: தொலைக்காட்சி ஏன் அந்த லண்டனை விடுவதில்லை?

கைப்பேசியும் மடிக்கணினியும் இணையத் தேடலும் கையில் இருக்க, இன்றைய லண்டனில் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ். பிபிசி 2010-ல் தொடங்கிய 'ஷெர்லாக்' தொடரின் புதுமையே இதுதான். ஆனால் 2016 புத்தாண்டு நாளில் அது ஒளிபரப்பிய சிறப்பு அத்தியாயம் கதையை 1895-க்குக் கொண்டுபோனது. நடிகர்கள் அவர்களேதான், சுற்றிலும் குதிரை வண்டி, எரிவாயு விளக்கு, தந்தி. காலத்தை மாற்றிப் பெயர் வாங்கிய தொடரே பழைய காலத்துக்குத் திரும்பிப் போனது.

வேறு தொடர்களும் அந்தக் காலத்திலேயே இருக்கின்றன. கனடாவின் 'மர்டாக் மிஸ்டரீஸ்' 2008-ல் தொடங்கி, 1895-ம் ஆண்டு டொராண்டோவில் கதையை ஆரம்பித்து, 250 அத்தியாயங்களுக்கு மேல் ஓடிவிட்டது. 'ரிப்பர் ஸ்ட்ரீட்' 2012 முதல் 2016 வரை ஐந்து பருவங்கள். 'மிஸ் ஸ்கார்லெட் அண்ட் தி டியூக்' 2020-ல் வந்தது. கேமராவும் டிஎன்ஏ சோதனையும் எல்லா ஊரிலும் வந்துவிட்ட பிறகு, 120 ஆண்டுகளுக்கு முந்தைய குற்றங்களைப் பார்க்க இத்தனை பேர் ஏன் உட்காருகிறார்கள்?

'பழங்காலத்தின் மீதுள்ள ஏக்கம்' என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. இந்தத் தொடர்கள் காட்டுவது சாக்கடை ஓடும் சந்துகளையும், ஏழைகளை அடைத்துவைத்து வேலை வாங்கிய விடுதிகளையும், தூக்குமேடைகளையும்தான். அங்கே போய் வாழ யாரும் ஏங்க மாட்டார்கள். ஈர்ப்புக்குக் காரணம் அந்தக் காலத்தின் அமைப்பில் இருக்கிறது. அது பாதி நம்முடைய காலம், பாதி வேறொரு காலம். துப்பறியும் கதைக்குத் தேவையானதெல்லாம் அப்போது வந்துவிட்டது. துப்பறிவாளரின் மூளைக்கு மாற்றாக நிற்கக்கூடியது எதுவும் இன்னும் வரவில்லை.

முதலில் சில அடிப்படைகள்

1. விக்டோரியா காலம் என்பது பிரிட்டனை ராணி விக்டோரியா ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான ஏறத்தாழ 64 ஆண்டுகள். துப்பறியும் தொடர்கள் பெரும்பாலும் இதன் கடைசி 20 ஆண்டுகளைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

2. போலீஸ் துப்பறிவாளர் என்ற வேலையே அந்தக் காலத்தில் பிறந்ததுதான். லண்டன் மாநகரப் போலீஸ் 1829-ல் அமைந்தபோது எல்லாருக்கும் நீலச் சீருடை. சாதாரண உடையில் திரியும் போலீஸ்காரரை மக்கள் அரசின் உளவாளியாகத்தான் பார்ப்பார்கள் என்ற அச்சம் வலுவாக இருந்தது. 1842-ல்தான் அந்தப் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் துப்பறியும் பிரிவு ஒன்று ஏற்பட்டது. இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஆறு சார்ஜன்ட்டுகள், மொத்தம் எட்டே பேர். 1877-ல் அந்தப் பிரிவின் மூத்த அதிகாரிகள் மூவர் மோசடிக் கும்பலிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் சிறைக்குப் போக, அடுத்த ஆண்டே அது கலைக்கப்பட்டுக் குற்றப் புலனாய்வுத் துறை உருவானது. இன்று இந்தியப் போலீஸிலும் நாம் சிஐடி என்று சொல்லும் பெயர் அங்கிருந்து வந்தது.

3. தனியார் துப்பறிவாளர் வேறு. 1857-ம் ஆண்டுச் சட்டத்தால் மணவிலக்குக்கு எனத் தனி நீதிமன்றம் வந்தது. வாழ்க்கைத் துணையின் தகாத உறவுக்குச் சாட்சி தேவைப்பட்டது. அதைத் திரட்டித் தருவதற்கென்றே விசாரணை நிலையங்கள் பெருகின. அங்கே பெண்களும் வேலை பார்த்தார்கள். மேதையின் அறைக்கு மர்மத்தைத் தேடிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர் என்ற காட்சிக்குப் பின்னால் இருக்கும் நடைமுறைத் தொழில் இதுதான்.

ஒரு தொப்பியும் ஒரு கப்பலும்

'பாதி நவீனம்' எப்படி இருந்தது என்பதைப் பார்க்க 1864-ம் ஆண்டின் ஒரு வழக்கு போதும்.

அந்த ஆண்டு ஜூலை 9-ம் தேதி இரவு, தாமஸ் பிரிக்ஸ் என்ற முதிய வங்கி அதிகாரி லண்டனில் ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறினார். சிறிது நேரத்தில் தண்டவாளத்தின் ஓரத்தில் மண்டை உடைந்து கிடந்தார்; பிழைக்கவில்லை. பிரிட்டிஷ் ரயிலில் நடந்த முதல் கொலை அதுதான். அப்போதைய பெட்டிகளில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. ஓடும் வண்டியில் யாரையும் உதவிக்கு அழைக்கவும் முடியாது. அவருடைய தங்கக் கடிகாரமும் சங்கிலியும் காணவில்லை. பெட்டியில் ஒரு தொப்பி கிடந்தது. அது அவருடையது அல்ல.

தொப்பியும் சங்கிலியும்தான் துப்பு. நகைக்கடைக்காரர் ஒருவர், யாரோ ஒரு அந்நியர் அந்தச் சங்கிலியைக் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார். வாடகை வண்டிக்காரர் ஒருவர் தொப்பியை அடையாளம் காட்டி, பிரான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியத் தையல்காரரின் பெயரைச் சொன்னார். அவருடைய புகைப்படத்தையும் கொடுத்தார். முல்லர் அதற்குள் பாய்மரக் கப்பலில் நியூயார்க்குக்குப் புறப்பட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் ரிச்சர்ட் டேனர் லிவர்பூலில் நீராவிக் கப்பல் ஏறி, பாய்மரக் கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்னதாகவே நியூயார்க் போய்ச் சேர்ந்து காத்திருந்தார். முல்லர் வந்து இறங்கியபோது இறந்தவரின் கடிகாரம் அவரிடம் இருந்தது. இறந்தவரின் தொப்பியும் உயரம் குறைத்து வெட்டித் தைத்த நிலையில் இருந்தது.

இந்த வழக்கில் ரயில், புகைப்படம், நீராவிக் கப்பல், நாடு விட்டு நாடு துரத்தல் என்று நமக்குப் பழக்கமான எல்லாம் உண்டு. ஆனால் முடிச்சை அவிழ்த்தது தொப்பியைப் பார்த்து, 'இது யார் தலைக்கு உரியது?' என்று கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியைப் பார்வையாளரும் கேட்கலாம். திரையில் துப்பறிவாளர் பார்க்கும் அதே பொருளை நாமும் அதே நேரத்தில் பார்க்கிறோம். அவருக்குத் தெரிவது ஏன் நமக்குத் தெரியவில்லை என்று மனம் போட்டியிடுகிறது. இன்றைய குற்றத் தொடரில் தடயம் ஒரு ஆய்வகத்துக்குள் போய் ஓர் அறிக்கையாக வெளியே வருகிறது. அந்த அறிக்கையோடு போட்டியிட நமக்கு வழியில்லை.

முல்லரை 1864 நவம்பர் 14-ம் தேதி, தீர்ப்பு வந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், சிறைவாசலில் பெருங்கூட்டத்தின் முன்னால் தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வந்தது 1907-ம் ஆண்டுச் சட்டத்தால்தான். துப்பறிவாளரின் ஊகம் தவறினால் அதைத் திருத்த அவகாசம் மிகக் குறைவு. இந்தத் தொடர்களில் கடைசிப் பத்து நிமிடங்களின் பதற்றத்துக்குப் பின்னணி இசை மட்டும் காரணமில்லை.

1901: ஒரே ஆண்டில் மூடிய கதவு

ராணி விக்டோரியா 1901 ஜனவரி 22 அன்று இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ஒரு கறை மனித ரத்தமா விலங்கின் ரத்தமா என்று பிரித்துச் சொல்லும் சோதனையை ஜெர்மனியில் பால் உலன்ஹூத் வெளியிட்டதும், வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் மனிதருக்குள் ரத்த வகைகள் உண்டு என்று காட்டியதும் அதே 1901-ல். ஒரு யுகத்தின் முடிவும் ஆய்வகத் துப்பறிதலின் தொடக்கமும் இப்படி ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தது தற்செயல்தான். கதை எழுதுபவருக்கு அந்தத் தற்செயல் பெரிய வசதி. 1901-க்கு முன்னால் கதையை வைத்தால், சட்டையில் ரத்தக்கறையோடு நிற்பவன் "கசாப்புக் கடையில் பட்டது" என்று சொல்லிவிடலாம். அதைப் பொய்யென்று காட்ட வேறு வழி தேடியாக வேண்டும். அந்தத் தேடல்தான் கதை. ஹோம்ஸ் 1887-ல் வெளியான தன் முதல் கதையில் அறிமுகமாவதே, ரத்தக்கறையைச் சந்தேகமின்றிக் கண்டறியும் முறையைக் கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தோடுதான். அறிவியல் அங்கே வந்து சேர இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன.

கைரேகையின் கதையில் நம் நாட்டுக்கு உண்மையான பங்கு உண்டு. தொடர்கள் அதைச் சொல்வதில்லை. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி 1858-ல் ஓர் ஒப்பந்தத்தில் உள்ளங்கைப் பதிவு வாங்கினார். ஆயிரக்கணக்கான ரேகைகளை வகைபிரித்து, வேண்டும்போது தேடி எடுக்கும் முறையை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு போலீஸ் அதிகாரிகளின் கணித உழைப்பு முக்கியமானது. கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் 1897-லேயே வந்துவிட்டது. அந்த முறை லண்டன் போய்ச் சேர்ந்தபோது அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரைத் தாங்கியிருந்தது. லண்டன் துப்பறிவாளரைப் பற்றிய தொடர் ஒன்று என்றைக்காவது கல்கத்தாவின் அந்த அலுவலகத்தில் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய வீட்டின் வாசலைத் தாண்டுவது யார்?

தடயம் மட்டும் கதையாகிவிடாது. பார்வையாளரை உண்மையில் உலுக்குவது, துப்பறிவாளர் எந்த வாசலைத் தாண்டுகிறார் என்பது.

1860 ஜூன் 29 இரவு, வில்ட்ஷயர் பகுதியின் ரோட் ஹில் இல்லத்தில் சாவில் கென்ட் என்ற குழந்தை படுக்கையிலிருந்து காணாமல் போனது. இன்னும் நான்கு வயது நிறையவில்லை. மறுநாள் வேலைக்காரர்களின் கழிப்பறையில் கழுத்து அறுபட்ட உடல் கிடைத்தது. உள்ளூர்ப் போலீஸ் தடுமாற, இரண்டு வாரம் கழித்து ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜோனதன் விச்சர் வந்தார். 1842-ல் அமைந்த முதல் துப்பறியும் அணியில் இருந்தவர். உழைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டின் துணிக்கணக்கைப் பார்த்தபோது, இறந்த குழந்தையின் அக்காவான 16 வயது கான்ஸ்டன்ஸின் இரவு உடை ஒன்று குறைந்தது. அதை வைத்து விச்சர் அவளைக் கைது செய்தார்.

எழுந்த கோபம் கொலைகாரர் மீது மட்டும் விழவில்லை. கண்ணியமான குடும்பத்துப் பெண்ணின் உள்ளாடைகளைப் பற்றி ஒரு போலீஸ்காரன் கேள்வி கேட்பதா என்று பத்திரிகைகள் கொதித்தன. நீதிபதிகள் அவளை விடுவித்தார்கள். விச்சரின் பெயர் கெட்டது. 1864-ல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு, 1865-ல், கான்ஸ்டன்ஸ் தானே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். 20 ஆண்டுகள் சிறையில் இருந்தாள்.

இந்த வழக்கை 2011-ல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி நாடகமாக்கியது. விச்சராக நடித்தவர் பேடி கான்சிடைன். அதன் வலிமை கொலையைக் காட்டிய விதத்தில் இல்லை. உண்மையைக் கண்டுபிடித்தவர் தன் இடத்தை மீறியவராகத் தண்டிக்கப்படுகிறார் என்பதில் இருக்கிறது. நல்ல விக்டோரியா காலத் தொடர்கள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இதுதான் என்று நினைக்கிறேன். துப்பறிவாளர் எந்த வர்க்கத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லாதவர். காலையில் பிரபுவின் வரவேற்பறையில் நிற்கிறார். மாலையில் அந்தப் பிரபு வாடகை வாங்கும் குடிசைக்குள் குனிந்து நுழைகிறார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர் அவர் ஒருவரே. மர்டாக் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட்டுகள் கோலோச்சிய டொராண்டோவில் அவருடைய பதவி உயர்வுக்கே மதம் குறுக்கே நிற்கிறது. எலைசா ஸ்கார்லெட் பெண். தந்தை பணம் எதுவும் விட்டுவைக்காமல் இறந்துபோக, அவருடைய துப்பறியும் நிலையத்தை ஏற்று நடத்துகிறார். வெளியே நிற்கவைக்கப்பட்டவருக்கே உள்ளே நடப்பது தெரிகிறது. பிறப்பைப் பார்த்து வாசலில் நிறுத்தும் சமூகத்தை அறிந்த வாசகருக்கு இந்த ஈர்ப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டனின் அளவும் இதற்கு உதவியது. 1801-ல் சுமார் 10 லட்சம் பேர் இருந்த நகரம் 1901-ல் சுற்றுப்புறங்களோடு சேர்த்து 65 லட்சத்தைத் தாண்டியது. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாத ஊரில்தான் ஒருவர் வேறொருவராக வாழ முடியும். பத்திரிகை முத்திரை வரி 1855-ல் நீங்கியதும் செய்தித்தாள் விலை குறைந்தது. கொலைச் செய்தி வீட்டுக்கு வீடு போனது. அந்த அலை நம் ஊர்வரை எட்டியது: பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணரின் கதைகளைத் தமிழில் வெளியிட்டது 1894-ல். அப்போது லண்டன் துப்பறியும் கதை பழங்காலக் கதையல்ல, நிகழ்காலக் கதை.

தொலைக்காட்சிக்கு இதில் என்ன லாபம்?

கலை ஆர்வம் மட்டும் ஒரு தொடரை எடுக்க வைக்காது. கணக்கும் இருக்கிறது.

1. உரிமைத் தொகை. ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயில் 1930-ல் இறந்தார். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி இறந்து 50 ஆண்டுகள் கழிந்து, 1980-ன் முடிவில் பதிப்புரிமை முடிந்தது. அதன் பிறகுதான் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனமான கிரனாடா தன் ஹோம்ஸ் தொடரைத் திட்டமிட்டு 1984-ல் ஒளிபரப்பத் தொடங்கியது.

2. அரங்கு. கிரனாடா மான்செஸ்டரில், கதையில் ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவையே கட்டியது. பத்தாண்டுத் தொடருக்கு அது பயன்பட்டது. 'ரிப்பர் ஸ்ட்ரீட்' லண்டனில் எடுக்கப்படவே இல்லை. டப்ளினின் பழைய ராணுவக் குடியிருப்பு, கதை நடக்கும் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதி ஆனது. மூடுபனி வரலாற்று உண்மைதான். கூடவே அது பின்னால் தெரியும் புதிய கட்டடத்தையும், தெருமுனையோடு முடிந்துவிடும் அரங்கையும் மறைக்கிறது.

3. ஏற்றுமதி. இன்றைய பிரிட்டிஷ் போலீஸ் தொடருக்குச் சில ஆண்டுகளில் வயதாகிவிடும். கைப்பேசியின் வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். 1890-ல் நடக்கும் கதை ஏற்கெனவே பழையது, அதனால் மேலும் பழையதாவதில்லை. ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த கிரனாடாவின் 41 அத்தியாயங்கள் 1994-ல் முடிந்தும் இன்றுவரை ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் காரணம் பிரெட்தான். மூலக் கதைகளைக் குறிப்பெடுத்துப் படித்து, ஹோம்ஸின் ஒவ்வொரு பழக்கத்தையும் கதையில் உள்ளபடியே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் அவர். பத்திரிகையில் வந்த பழைய ஓவியங்களின் நிலைகள் அப்படியே காட்சிகளாகின. அந்த ஹோம்ஸைப் பார்த்தவர்களுக்கு மற்றவர்கள் எல்லாம் இரண்டாம் இடம்தான்.

4. பார்வையாளர் பலம். இது எப்போதும் கைகொடுப்பதில்லை. 'ரிப்பர் ஸ்ட்ரீட்' தொடரைப் பார்ப்போர் எண்ணிக்கை குறைவென்று 2013-ல் பிபிசி கைவிட்டது. ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அமேசான் பணம் போட, மேலும் மூன்று பருவங்கள் வந்தன. சிறிய கூட்டம், ஆனால் விடாத கூட்டம்.

உண்மையிலிருந்து எங்கே விலகுகிறார்கள்?

பெண் துப்பறிவாளர் முழுக் கற்பனை அல்ல. விசாரணை நிலையங்களில் பெண்கள் வேலை பார்த்தார்கள். மணமான பெண்கள் தம் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் சட்டம் 1882-ல் வந்தது. ஸ்கார்லெட்டின் கதை தொடங்குவதும் அதே ஆண்டில்தான். ஆனால் ஸ்காட்லாந்து யார்டு ஒரு பெண்ணிடம் திரும்பத் திரும்ப யோசனை கேட்பது கற்பனை. லண்டன் போலீஸின் சீருடை அணிந்து பெண்கள் ரோந்து போனது 1919-ல்.

அறிவியலையும் முன்னால் இழுக்கிறார்கள். மர்டாக் செய்யும் பல சோதனைகள் அவர் காலத்துப் போலீஸ் நிலையங்களுக்கு எட்டாதவை. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. தொடர் விளையாட்டாகச் செய்கிறது, பார்ப்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

குறை இருப்பது வேறு இடத்தில். 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை ஒயிட்சேப்பல் பகுதியில் ஐந்து பெண்களை ஒருவனே கொன்றதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அவன் பிடிபடவில்லை. அவனுக்கு யாரோ வைத்த 'ஜாக் தி ரிப்பர்' என்ற பட்டப்பெயர் உலகத்துக்கே தெரியும். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி என்ற பெயர்கள் பலருக்குத் தெரியாது. ஒரு இரவு தங்க இடத்துக்குக் காசு இல்லாத ஏழ்மைதான் அவர்களில் பலரை நள்ளிரவில் தெருவில் நிறுத்தியது. எத்தனையோ நாடகங்கள் அவர்களை முதல் காட்சியில் விழும் உடல்களாக மட்டும் பயன்படுத்தின. 'ரிப்பர் ஸ்ட்ரீட்' கதையை 1889-ல் தொடங்கி, கொலைகளுக்குப் பிந்தைய ஊரின் அச்சத்தையும் இன்ஸ்பெக்டர் ரீடின் தோல்வி உணர்வையும் எடுத்துக்கொண்டது. எட்மண்ட் ரீட் உண்மையில் அந்தப் பகுதித் துப்பறியும் பிரிவின் தலைவராக இருந்தவர். அது நேர்மையான தேர்வு. ஆனாலும் பெண்ணுடல்கள் மீதான கொடூரத்தை அது காட்டிய அளவு தேவைக்கு மிஞ்சியது என்பதே என் கருத்து.

பேரரசின் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பெரும்பாலான தொடர்கள் தொடுவதில்லை. மூலக் கதைகள் தொட்டன: ஹோம்ஸின் இரண்டாவது நெடுங்கதையின் மர்மம் ஆக்ராவில் பறிபோன புதையலிலிருந்தும் அந்தமான் சிறையிலிருந்தும் புறப்பட்டு தேம்ஸ் நதிக்கு வருகிறது. இந்தியரையும் அந்தமான் தீவுவாசியையும் அது சித்திரித்த விதம் இன்று ஏற்க முடியாதது. காலனியில் செய்த குற்றம் லண்டன் வீட்டுக் கதவைத் தட்டும் என்ற உணர்வு மட்டும் அதில் இருந்தது. படமாக்குபவர்கள் சித்திரிப்பைத் திருத்தினால் போதும். அந்த உணர்வைக் கைவிட வேண்டியதில்லை.

இனி வரப்போவது

ஹோம்ஸ் கதைகள் மொத்தம் 60. அமெரிக்காவில் அவற்றின் கடைசிச் சில கதைகளுக்கு நீண்ட காலம் பதிப்புரிமை இருந்தது. 2020-ல் ஹோம்ஸின் தங்கையை நாயகியாக்கிய நெட்ஃபிளிக்ஸ் படம் மீது கோனன் டாயில் குடும்ப நிறுவனம் வழக்குப் போட்டது. ஹோம்ஸ் அன்பும் பெண்கள் மீது மதிப்பும் காட்டுவது பிற்காலக் கதைகளில்தான், அந்தக் குணம் இன்னும் எங்கள் உரிமை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். அந்த ஆண்டின் இறுதியிலேயே வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் அந்தக் கடைசிக் கதைகளும் அமெரிக்காவில் பொதுவுடைமை. ஆக, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஹோம்ஸை எந்தக் குணத்தோடும் யாரும் படைக்கலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.